பச்சைக்குப் பயந்தவர்

அவரைப் பற்றி என் நாட்குறிப்பில் இருக்கும் முதல் வரி இது: "புதன்கிழமை. கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை. இயந்திரப் பராமரிப்புக்குப் புதிய மிஸ் வந்தார். வாசலில் நின்று, தோளில் கிடந்த சோலின் நுனியை விரலால் தூக்கிக் காற்றில் பிடித்துப் பார்த்தார்."

அவர் பார்த்தது காற்றின் திசையை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வெயிலுக்கு முகத்தை மூடப் போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதி வைத்தேன். திருகோணமலை உள்துறைமுகக் கரையில், மீன்பிடிக்காரருக்கு ஐஸ் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் களஞ்சியப் பொறுப்பாளன். எந்த பெல்ட் எந்த நாளில் அறுந்தது, எந்தக் குழாய் எந்த நாளில் மாற்றப்பட்டது, முதல் வாடை மழை எந்தக் கிழமை விழுந்தது எல்லாம் என்னிடம் இருக்கும். பழைய மாலுமிகளின் குறிப்பேடுகளைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். ஒன்றும் நடக்காத நாளுக்கும் அவர்கள் ஒரு வரி எழுதுவார்களாம். அதிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம்.

மிஸ்ஸின் ஊர் கட்டைபறிச்சான். முப்பது வயதுக்கு மேல் இராது. ஒல்லியான உடம்பு, அதற்குக் கீழே பெரிய சப்பாத்து. நாங்கள் எல்லோரும் செருப்போடு திரிந்தவர்கள் என்பதால் முதல் கிழமை முழுவதும் அந்தச் சப்பாத்தைப் பற்றித்தான் கதை. அதற்குப் பிறகு அவருடைய கேள்வியைப் பற்றி.

வந்த அன்றே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் முன்னால் நின்று, அதைப் பார்க்கும் ஆளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"இது எங்களை எப்பிடிக் கொல்லும்?"

கொம்பிரசர் அறையில் இருந்தவர் கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் காக்கா, முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன். அவர் பீடியைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு சொன்னார்:

"இருவத்தொரு வரிசமா இது என்னோட குடும்பம் நடத்துது, மிஸ். இன்னும் கொல்லல்ல. ஊட்டுல இரிக்கிறதுதான் கொல்லுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. கொப்பியைப் பிடித்தபடியே நின்றார்.

"சரி காக்கா. ஒரு நாளைக்குக் கொல்ல நினைச்சா, எந்தப் பக்கத்தால வரும்?"

காக்கா இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தொரு வருடத்தில் அவர் அதை அப்படிப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

பயம்தான் அவருடைய குணம். வேறு எதைச் சொன்னாலும் அதற்குப் பிறகுதான். கதவுக்கு முதுகு காட்டி ஒரு கதிரையிலும் இருக்கமாட்டார். புதிய இடத்துக்குப் போனால் வெளிவாசலுக்கு எத்தனை எட்டு என்று எண்ணுவார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூதூர் பஸ்ஸில் நானும் அவரும் ஒன்றாகப் போக நேர்ந்தது. அவசரத்துக்குத் திறக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் இருந்தவர், பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தள்ளித் திறந்தார். கொண்டக்டர் ஓடி வந்தார்.

"என்ன தங்கச்சி, குதிக்கப் போறீங்களோ?"

"இல்லை அண்ணை, திறபடுமோ எண்டு பாத்தனான். கஷ்டப்பட்டுத்தான் திறபடுது. எண்ணெய் விடவேணும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. மிஸ், இப்படிப் பயந்து பயந்து எப்படி வாழ்வது என்று கேட்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு, "பயந்ததாலதான் ஐயா இருக்கிறன்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் யுத்தத்துக்குள் வளர்ந்த அந்த வயதுக்காரரிடம் அதற்கு மேல் கேட்பது வழக்கமில்லை.

அவரை அனுப்பியது கொழும்பில் இருந்த எங்கள் தலைமை அலுவலகம். பராமரிப்பு வேலைகளை எல்லாம் கணினியில் ஏற்றுவதற்காகத்தான் அனுப்பினார்கள். உடைந்த பிறகு ஓடுவதை விட்டு, உடைவதற்கு முன்னால் எந்த வேலையை எப்போது செய்ய வேண்டும் என்று மென்பொருளே நாள் பார்த்துச் சொல்லும். ஒரு வேலையை ஏற்றும்போது அது சில கேள்விகள் கேட்கும். எந்த இயந்திரம்? என்ன வேலை? எத்தனை நாளுக்கு ஒரு தடவை? கடைசியாகச் செய்தது எப்போது? யார் பொறுப்பு?

கடைசியாகச் செய்தது எப்போது என்ற கேள்விக்கு நாடு முழுவதும் கிளைகள் திணறியபோது, என்னிடம் பதினாறு பதிவேடுகள் இருந்தன. அவற்றைத் தூசு தட்டி, அடுக்காகக் கொண்டுபோய் மிஸ்ஸின் மேசையில் வைத்தபோது எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லத் தேவையில்லை. அவர் ஒரு மணித்தியாலம் புரட்டிப் பார்த்தார்.

"வடிவாய் எழுதியிருக்கிறீங்கள் ஐயா. ஆனா இந்த ரெண்டு திகதிக்கும் இடையில மெசின் எவ்வளவு நேரம் ஓடினது?"

அது என்னிடம் இல்லை.

"மாரியில கடல் கொந்தளிச்சா வள்ளம் இறங்காது, மெசினும் பாதி நாள் சும்மா நிக்கும். கச்சான் காலத்தில ராப்பகலாய் ஓடும். ரெண்டும் கலண்டரில ஒரு மாசம்தான். மெசினுக்கு ஒரு மாசமில்லை."

பதினாறு பதிவேடுகளும் அந்த நிமிடத்தில் பாதியாகக் குறைந்ததுபோல எனக்கு இருந்தது. கொம்பிரசரில் ஓடும் மணித்தியாலத்தைக் காட்டும் ஒரு மீற்றர் இருந்தது. காக்கா நாள்தோறும் காலையில் அதை வாசித்துச் சொல்ல, நான் ஏற்ற வேண்டும் என்றானது. முக்கியமான வேலைகள் நாள் கணக்கிலிருந்து ஓட்டக் கணக்குக்கு மாறின. நான் சொன்னபடி ஏற்றினேன். மனம் மட்டும் திகதியிலேயே நின்றது.

அப்படி மாற்றிய வேலைகளில் ஒன்றுதான் எண்ணெய் எடுப்பது. அதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஐஸ் உறைவது அமோனியாவால். கொம்பிரசருக்குள் விடும் எண்ணெயில் கொஞ்சம் அமோனியாவோடு சேர்ந்து போய், ஒரு பெரிய உருளையின் அடியில் தேங்கும். அதை அவ்வப்போது ஒரு வால்வைத் திறந்து வாளியில் எடுக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்த அடுத்த கணம் அதே வழியால் அமோனியா வரும். அதனால் அந்த வால்வுக்கு ஒரு ஸ்பிரிங் பிடி. கையால் பிடித்திருக்கும் வரைதான் திறந்திருக்கும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பிடித்துக்கொண்டு நிற்பவர் நின்றே ஆகவேண்டும்.

எங்கள் ஆட்கள் நிற்கவில்லை. பிடியைத் திறந்து, தங்கூசியால் இழுத்துக் கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். மீன் தூண்டிலுக்குப் போடும் நைலோன் நூல்தான் தங்கூசி. கரையில் எங்கும் கிடக்கும், யானை இழுத்தாலும் அறாது. குடித்துவிட்டு வந்து பார்த்தால் வாளி நிறைந்திருக்கும், கட்டை அவிழ்ப்பார்கள். எத்தனையோ வருடம் அப்படித்தான் நடந்தது. நானும் கண்டிருக்கிறேன்.

மிஸ் அந்தத் தங்கூசி வளையத்தை முதலில் கண்டபோது முகம் வெளிறிப்போனது. கத்தியை எடுத்து அறுத்தார். அடுத்த கிழமை இன்னொரு வளையம் இருந்தது, அதையும் அறுத்தார். மூன்றாவது தடவை காக்காவிடம் நேரே போனார்.

"காக்கா, இதைக் கட்டுறது நீங்கள்தானே?"

"நான் கட்டல்ல மிஸ். தங்கூசி தானா மொளைக்கிது. கடக்கரைதானே."

மிஸ் திரும்பிப் போய் மென்பொருளில் ஒரு புதிய வேலையை ஏற்றினார். கிழமைக்கு ஒரு தடவை. "எண்ணெய் வால்வில் தங்கூசி இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் அறுக்கவும்." கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. தங்கூசி என்ற உதிரிப்பாகம் எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று கேட்டார்கள். நாங்கள் மூன்று நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம். காக்கா மட்டும் அந்த வேலை ஏறிய பிறகு கட்டுவதைக் குறைத்துக்கொண்டார். தன் பெயர் கணினியில் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த நாட்களில் அந்தப் பயம் எனக்கும் தொற்றியது. வீட்டில் குசினிக்குள் போய் காஸ் சிலிண்டரின் குழாயை முகர்ந்து பார்க்கத் தொடங்கினேன். மனைவி அகப்பையோடு நின்று, "உங்கட மிஸ் இப்ப எங்கட குசினிக்கும் வந்திட்டாவோ?" என்றாள்.

மென்பொருளில் நாள் தவறிய வேலை சிவப்பாக நிற்கும், செய்து முடித்தது பச்சையாகும். மனேஜரின் அறையில் அதற்கென்று ஒரு பெரிய திரை மாட்டினார்கள். கொழும்பிலும் அதே திரை. மனேஜர் காலையில் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். சிவப்பு இருந்தால் அன்று முழுக்க யாரோடும் கதைக்கமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை எல்லாம் பச்சையாக இருந்தது. மிஸ்ஸைச் சந்தோசப்படுத்தலாம் என்று கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கைகளைக் கட்டிக்கொண்டார், குளிருக்குக் கட்டுவதுபோல.

"சிவப்புக்கு நான் பயமில்லை ஐயா. சிவப்பெண்டா ஆரோ போய்ப் பார்ப்பினம். பச்சையெண்டா ஒருத்தரும் போகாயினம். இதுக்குக் கண்ணில்லை. நாங்கள் செய்தது எண்டு சொன்னா நம்பும்."

இதை நான் அன்றே எழுதி வைத்தேன். எழுதி வைத்தவனே செய்தான் என்பதுதான் இந்தக் கதை.

ஆனி மாதம். கரையிலிருந்து கடலுக்குக் கச்சான் அடித்துக்கொண்டிருந்தது. கடல் கண்ணாடிபோலக் கிடக்க, சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வள்ளக்காரர் ஐஸுக்கு வரிசையில் நின்றார்கள். புல்மோட்டைக்குப் போகும் லொறிகள் வீதிவரை நின்றன. மிஸ்ஸின் தாய்க்குச் சுகமில்லை என்று அவர் பத்து நாள் லீவில் போயிருந்தார். ஒரு வியாழக்கிழமை காலையில் திரையில் ஒரு வேலை சிவப்பானது. எண்ணெய் எடுப்பது.

எடுப்பதென்றால் கொம்பிரசரை நிறுத்த வேண்டும். மனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, அந்தச் சிவப்பை எடுங்கோ. கொழும்பில இருந்து ரெண்டு தரம் கோல் வந்திட்டுது. நாளைக்கு ஆறுதலாய் எண்ணெயை எடுக்கலாம். இண்டைக்கு மெசினை நிப்பாட்ட ஏலாது."

மறுத்திருக்கலாம். அவர் மிரட்டவுமில்லை. நான் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியாக எண்ணெய் எடுத்த நாளிலிருந்து ஒரு மாதமாக இன்னும் பதினொரு நாள் இருந்தது. மீற்றர்தான் அவசரப்படுகிறது, திகதிப்படி இன்னும் காலம் வரவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். மிஸ்ஸின் ஓட்டக் கணக்கில் எனக்கிருந்த சின்னக் கோபமும் அதற்குள் இருந்திருக்கலாம். "செய்து முடித்தது" என்பதை அழுத்தினேன். திகதி கேட்டது. அன்றைய திகதியைக் கொடுத்தேன். தங்கூசி பார்க்கும் வேலையும் சிவப்பாக நின்றது. கையோடு அதையும் மூடினேன்.

என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய்த் திகதி அதுதான்.

மறுநாள் எண்ணெய் எடுக்கவில்லை. வரிசை இன்னும் நீண்டிருந்தது. அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் மூடியதும் மென்பொருள் மீற்றரைப் புதிதாக எண்ணத் தொடங்கிவிட்டது. அடுத்த எண்ணெய்க்கு நிறைய மணித்தியாலம் இருப்பதாகக் காட்டியது. ஞாபகப்படுத்த ஒன்றும் இல்லாததால் எல்லோரும் மறந்தோம். திரை பச்சையாக இருந்தது.

மிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தார். காற்றின் திசை தெரிய வாசல் விளக்குக் கம்பத்தில் தான் முன்பு கட்டிவைத்த சிவப்புத் துணியைப் பார்த்தார். கச்சானுக்கு அது கடற்பக்கம் பறந்துகொண்டிருந்தது. ஐஸ் ஏற்றும் மேடை அந்தப் பக்கம்தான். உள்ளே வந்து திரையைப் பார்த்தார். பிறகு கொம்பிரசர் அறைக்குப் போனார். பத்து நிமிடத்தில் என் களஞ்சியத்து வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய் வாளி.

"ஐயா, எண்ணெய் எடுத்தது எண்டு கிடக்கு. ஆர் எடுத்தது?"

நான், காக்காவாக இருக்கும் என்றேன்.

அவர் வாளியை என் மேசையில் வைத்து என் பக்கம் சரித்தார். அதன் வாய்க்குக் குறுக்கே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. நடுவில் சிலந்தியும் இருந்தது.

"ஓம்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு கொம்பிரசர் அறைக்குத் திரும்பினார்.

பத்து மணியளவில் அவர் எல்லாவற்றையும் நிறுத்தினார். மனேஜர் கத்தினார், அவர் கேட்கவில்லை. மேடையில் நிற்கும் எல்லோரையும் வீதிப்பக்கம், காற்று வரும் திசைக்குக் கொண்டுபோய் நிறுத்தும்படி என்னிடம் சொன்னார். எண்ணிக்கொண்டு போகச் சொன்னார். நாற்பத்தொரு பேர். அவர்கள் என்னைத் திட்டியது இன்னும் நினைவிருக்கிறது.

"ஐஸ் உருகுது, மீன் நாறுது, இவை எங்களை ஊர்வலம் கூட்டிப் போகினம்."

"அந்தப் பயந்த மிஸ்ஸின்ர வேலை. அவவுக்கு அமோனியா கனவில வந்திருக்கும்."

நாற்பத்தோராவது ஆள் வாசலைக் கடந்ததும் நான் கையைக் காட்டினேன். கொம்பிரசர் அறையின் பெரிய கதவு திறந்திருந்ததால் எனக்கு உள்ளே தெரிந்தது. காக்கா முகமூடி போட்டு எண்ணெய் வால்வில் நின்றார். மிஸ்ஸும் முகமூடியோடு, அதற்கு மேலே இருக்கும் பெரிய வால்வைத் திருகி மூடும் சக்கரச் சில்லில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

காக்கா பிடியை இழுத்தார். எண்ணெய் வந்தது. வழக்கத்தை விட நிறைய வந்தது. ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளி வைத்தார்கள். பிறகு எண்ணெய் கனைத்தது, துப்பியது. காக்கா பிடியை விட்டார்.

வால்வு மூடவில்லை. வருடக்கணக்காக இழுத்துக் கட்டிக் கட்டி ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. கட்டாமல் இருந்த நாட்களில் கையே அதை மூடியிருக்கிறது. அன்று உள்ளே இருந்த அழுத்தத்துக்குக் கை போதவில்லை. வெள்ளையாக ஒரு சீறல் வந்தது. காக்கா ஓடியிருக்கலாம். அவர் குனிந்து, இரண்டு கையாலும் பிடியைத் திருப்பி அமுக்கப் பார்த்தார். இருபத்தொரு வருடக் குடும்பமல்லவா? மிஸ் சில்லைத் திருப்பிக்கொண்டே முகமூடிக்குள் கத்தினார். காக்காவுக்குக் கேட்கவில்லை. முழங்கால்வரை வெள்ளை மூடிவிட்டது.

அப்போது, பஸ்ஸில் ஜன்னல் திறபடுமா என்று பார்த்த அந்த மனுசி, தன் முகமூடியைக் கழற்றினார்.

"விடுங்கோ காக்கா! விட்டிட்டு வெளிய போங்கோ!"

அவருடைய முழுக் குரலை நான் கேட்டது அதுதான் முதலும் கடைசியும். காக்கா கையை விட்டு வெளியே பாய்ந்தார். சில்லு மூடியது. வெள்ளை மேகம் கதவால் வழிந்து, ஐஸ் மேடைக்கு மேலால், நாற்பத்தொரு பேரும் சற்று முன்வரை நின்ற இடத்துக்கு மேலால் மெதுவாக ஊர்ந்து கடலுக்குப் போனது. மேடையில் யாரோ விட்டுப்போன ஒரு சோடிச் செருப்பு இருந்தது. அது மறைந்து, பிறகு தெரிந்தது.

காக்காவின் வலக்கையில் இரண்டு விரல் இன்றும் மடியாது. மிஸ் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். குரல் திரும்பவில்லை, காற்றுப்போல ஒரு சத்தம்தான் வந்தது. நான் பார்க்கப் போனேன். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போய், கடைசியில் தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். அவர்தான் முதலில் கதைத்தார்.

"நாப்பத்தொண்டும் சரிதானே ஐயா?"

"ஓம் மிஸ். சரி."

மூடிய வேலைக்குப் பக்கத்தில் அதை மூடியவரின் பெயரை மென்பொருள் காட்டும். அது எனக்கு அன்று தெரியாது. வாளியோடு என் வாசலில் வந்து நின்றபோதே அவருக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். நான் காக்காவின் பெயரைச் சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

மாரி தொடங்கும்போது அவர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார். போகும் நாளில் ஒவ்வொருவரிடமும் வந்து தலையசைத்தார். என்னிடமும் அப்படித்தான். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. விசாரிக்கவும் பயமாக இருக்கிறது.

அவர் போன அடுத்த திங்கட்கிழமை, அவர் ஏற்றிவிட்டுப் போன ஒரு வேலை என் பெயருக்கு வந்தது. மென்பொருளில் ஒரு வேலையை ஏற்றும்போது அது எந்தத் திகதியோடு வராமல் நிற்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும். அந்த இடத்தை அவர் வெறுமையாக விட்டிருந்தார். வேலை இவ்வளவுதான்: "எண்ணெய் வாளிக்குள் பார்க்கவும். பொறுப்பு: களஞ்சியம்."

வால்வை மாற்றிவிட்டார்கள். மனேஜரும் மாறிவிட்டார். வருடங்கள் போய்விட்டன, நானும் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். அந்த வேலை மட்டும் ஒவ்வொரு மாதமும் வருகிறது. அதை ஒரு நாளும் மேசையில் இருந்துகொண்டு மூடியதில்லை. எழும்பி, வாசலில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். வாளியின் மேல் குனிவதற்கு முன்னால் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணைத் திறக்கும் அந்தக் கணம் எனக்கு இன்னும் பழகவில்லை.

இன்று காலையிலும் வந்தது. இதை எழுதும்போது திரையில் சிவப்பாகத்தான் நிற்கிறது. பேனையை வைத்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.